சூடம் காட்டாத குழாய்

பத்தாவது வரைதான் படித்தேன். அதிலும் இங்கிலீஷில் தவறிவிட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் இன்றும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் தண்ணீர் சோதிக்கும் எங்கள் லேப்பில் புதிதாகச் சேர்ந்த பையன்கள், "அவ்ளோ தூரம் எதுக்குண்ணே போவணும்? பக்கத்துலயே புடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்று சிரித்தார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. பாட்டில்காரர்

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தைச் சுற்றிய கிராமங்களில் ஒரு வெளிநாட்டின் உதவியோடு போர் போட்டுக் கைப்பம்பு பொருத்தினார்கள். வண்டியும் பணமும் அவர்களுடையவை, வேலை நம்முடையது. அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, தண்ணீரைச் சோதித்து ரிசல்ட் வரும்வரை பம்பின் கைப்பிடியைச் சங்கிலியால் பூட்டி வைக்க வேண்டும் என்பது. சாவி என்னிடம் இருக்கும். நான் அப்போது விழுப்புரம் லேப்பில் தற்காலிக ஊழியன். ஊர் ஊராகப் போய் சாம்பிள் எடுத்து வருவது என் வேலை.

பூட்டைத் திறந்து ஐந்து நிமிடம் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி, குழாய் வாயைச் சுற்றிச் சுட வேண்டும். வாயில் இருக்கும் கிருமி சாவதற்காக அது. மறுபடி கொஞ்சம் இறைத்துவிட்டு, லேப்பில் கொடுத்த பாட்டிலைக் கழுத்தில் விரல் படாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும்.

சுடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிடும்.

"பாட்டில்காரரு கொழாய்க்கு சூடம் காட்றாரு, வந்து கும்புடுங்கடி!"

"தேங்கா ஒடைக்கலியா சாமி?"

நான் தலை நிமிராமல் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன்.

2. ஐஸ் கரைந்த நாள்

ஓமந்தூர் பக்கம் ஓர் ஊர். பேர் வேண்டாம். ஊருக்குள் ஒரு பம்பு, ஒன்றரை மைல் தள்ளிக் காலனியில் ஒரு பம்பு. ஐப்பசி மழை. ஊர்ப் பம்பில் சாம்பிள் எடுத்து முடித்தபோது பெட்டியில் பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டது. காலனிப் பாதை முழுக்கச் சேறு. பதினொன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

இரண்டாவது பாட்டிலையும் அந்த ஊர்ப் பம்பிலேயே பிடித்தேன். காலனி நம்பர் போட்ட சீட்டை அதில் ஒட்டினேன். ஒரே பூமி, ஒரே தண்ணீர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியில் காலனி முதலில் வந்து ஊர் கடைசியில் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். ஊரில் கேட்க ஆள் இருந்தது.

மூன்றாம் நாள் இரண்டு பாட்டிலுக்கும் 'குடிக்க ஏற்றது' என்று ரிசல்ட் வந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

அந்த வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். பேர் அஞ்சலை, காலனிக்காரர். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

"சார், எங்க கொழாய எப்ப தொறப்பீங்க? இன்னமும் வாய்க்கா தண்ணியத்தான் மொண்டுக்கினு இருக்கறோம். போன மழைல வாந்திபேதி வந்து என் பெரிய பொண்ணு செத்துப் பூட்டா. இதுக்காவது நல்ல தண்ணி வோணும் சார்."

"சீக்கிரம் தொறப்பாங்க" என்றேன். அந்தக் குழந்தை என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எட்டிப் பிடித்தது. விரலைப் பிரித்து எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். பேனா அதனிடமே போயிற்று.

மறுபடி போய் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் லேப்பில் கணக்கு உண்டு. புதிதாக ஒன்று கேட்டால் எதற்கு என்பார்கள். என்னை நிரந்தரம் செய்யும் பட்டியல் அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் பின்பக்கம் போய்ப் பாட்டில் கழுவ ஆரம்பிப்பேன். 'இன்றைக்குச் சொல்லிவிடலாம்' என்று தினமும் எங்கள் ஜூனியர் இன்ஜினியர், அதாவது ஜே.இ.யின் அறை வாசல்வரை போவேன். அவர் நிமிர்ந்து "இன்னாய்யா?" என்பார். "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்புவேன்.

3. திறப்பு நாள்

காலனிப் பம்பைத் திறந்துவைக்க உதவி செய்த நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் இன்ஜினியர் வந்தார். சாவி என்னிடம் இருந்ததால் நானும் ஜீப்பில் போக வேண்டியிருந்தது. பம்பைச் சுற்றிய பிளாட்பாரத்தை அப்போதுதான் கவனித்தேன். சிமெண்டில் விரல் நுழையும் விரிசல். நாலடி தள்ளி மாட்டுச் சாணிக் குழி, மழைத் தண்ணீர் நிறைந்து விரிசல்வரை வந்து நின்றது.

பூட்டைத் திறந்தேன். அப்போது அஞ்சலை முன்னால் வந்து ஜே.இ.யிடம் நியாயம் கேட்டார்.

"ஊருக் கொழாய்க்கு சூடம் காட்னாங்களாம். எங்களுதுக்கு யாரும் காட்டலியே. எங்க கொழாய்ன்னா சூடம் கெடையாதா சார்?"

கூட்டம் சிரித்தது. ஜே.இ.யும் சிரித்தார். நான் மட்டும் சங்கிலியைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். வெள்ளைக்கார அம்மா என்னவென்று கேட்டார். பூஜை செய்ய வேண்டுமாம் என்று ஜே.இ. சொல்லியிருப்பார் போல. அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். யாரோ ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்தார்கள்.

"யோவ், நீதான காட்டுவே? ஜல்தியா காட்டுய்யா" என்று தட்டை என் கையில் கொடுத்தார் ஜே.இ.

நான் காட்டினேன். சுற்றிலும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கைப்பிடியை அடித்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. முதல் டம்ளரை வெள்ளைக்கார அம்மாவிடம் நீட்டினார்கள். அவர் அதை வாங்கி அஞ்சலையிடம் கொடுத்தார். அஞ்சலை குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனார்.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டேன்.

குழந்தை வீரிட்டது. பிறகு ஆண்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்காளு கைல தண்ணி இருந்தா உனுக்கு இன்னாடா எரியுது?"

ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடியபடியே சொன்னேன்.

"இந்தத் தண்ணிய நான் எடுக்கவே இல்ல. மழன்னு இங்க வரல. ஊருக் கொழாய்லயே ரெண்டு பாட்டிலும் புடிச்சிட்டேன். இது நல்ல தண்ணியான்னு யாருக்கும் தெரியாது. கொழந்தைக்குக் குடுக்காதீங்க."

காலரைப் பிடித்த கை தளர்ந்தது. அது அடியைவிடப் பயமாக இருந்தது. அஞ்சலை என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல கேட்டேனே சார். அப்பவே சொல்லியிருக்கலாமே."

நான் குனிந்து, கீழே விழுந்த டம்ளரை எடுத்தேன்.

ஜே.இ. முகம் கறுத்து, "பேஜாரு புடிச்சவனே, மானத்த வாங்கிட்டியே" என்றார். ஆனாலும் மறைக்காமல் வெள்ளைக்கார அம்மாவுக்குச் சொன்னார். அவர் விரிசலையும் குழியையும் போய்ப் பார்த்தார். தன் கையாலேயே சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். சாவியை ஜே.இ. கேட்டும் தராமல் என்னிடம் கொடுத்து ஏதோ சொன்னார்.

"நாளைக்கு நீயே வந்து எடுக்கணுமாம்" என்றார் ஜே.இ. "இந்தப் பொம்பளைய பக்கத்துல வெச்சுக்கினு எடுக்கணுமாம்."

புதிய சாம்பிளில் 'குடிக்க ஏற்றதல்ல' என்று வந்தது. பிளாட்பாரத்தை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள், சாணிக் குழியை மாற்றினார்கள், போரில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். தை மாதம் திறந்தார்கள். நிரந்தரப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்க நாலு வருடம் ஆயிற்று.

புதுப் பையன்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: நீங்கள் ஒட்டும் சீட்டை நம்பித்தான் ஒரு தாய் பிள்ளைக்கு டம்ளரை நீட்டுகிறாள். வாயைத் திறக்கப் பயமாக இருந்தால் முதல் நாளே திறந்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பயம் வளரும், குறையாது.

டம்ளரைத் தட்டிவிட்டதற்கு மறுநாள், திண்டிவனத்தில் ஐஸ் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அஞ்சலை பக்கத்தில் நின்று, பஞ்சு நனையாமல் முறத்தைப் பிடித்தார். குழாய் வாயைச் சுட்டேன், பாட்டிலை நிரப்பினேன், சீட்டை ஒட்டினேன். பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். காலனியிலிருந்து ரோட்டுக்கு நடந்து வர அரை மணி நேரம்தான் ஆனது. பெட்டியில் ஐஸ் மிச்சமிருந்தது.