புண்ணைக் காட்டினால்தான் மாத்திரை

எங்கள் தெரு டிரம்பெட்காரருக்கு உதடுதான் பிழைப்பு. கல்யாண பேண்டில் முன்வரிசையில் நின்று ஊதுகிறவர். அந்த உதட்டின் ஓரத்தில் அவ்வப்போது கொப்புளக் கூட்டம் ஒன்று வந்து குடியேறும். ஹெர்பிஸ். பாதி ஊருக்குள் சத்தமில்லாமல் தூங்குகிற வைரஸ், இவருக்கு மட்டும் கச்சேரி தேதி கேட்டு விழித்துக்கொள்ளும்.

போன முறை கொப்புளத்தோடு டாக்டரிடம் போனார்.

"இப்ப வந்து என்ன பிரயோஜனம்? சுருசுருன்னு ஆரம்பிக்கும்போதே மாத்திரை போட்டிருக்கணும். படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்கமாட்டீங்க!"

இதற்கு முன்பு யாரும் அவருக்கு அப்படிப் படித்துப் படித்துச் சொன்னதில்லை. இருந்தாலும் திட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வாரக் கல்யாணத்தில் அவருக்குப் பதிலாக பேண்டு மாஸ்டரின் மருமகன் ஊதினான். ஊதி முடித்து, எல்லோர் காதிலும் விழ, "அண்ணே, அப்படி எங்க போய் உதட்டை வச்சீங்க?" என்றான். பேண்டே சிரித்தது. டிரம் கூடச் சிரித்தது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "அடுத்த கல்யாணத்துலயும் நீ ஊதலைன்னா, முன்வரிசை இனி என் மாப்பிள்ளைக்குத்தான்" என்றார்.

அடுத்த கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குக் கிளம்பும்போது உதட்டோரம் சுருசுருத்தது. டிரம்பெட் பெட்டியோடு மருந்துக் கடைக்கு ஓடினார். இருமலுக்கும் தூக்கத்துக்கும் டாக்டர் சீட்டு கேட்காமல் அள்ளித் தருகிற கடைக்காரர், ஹெர்பிஸுக்குப் போடுகிற அசைக்ளோவிர் மாத்திரை என்றதும் கவுன்டர் மேல் குனிந்து இவருடைய பெல்ட்டுக்குக் கீழே பார்த்தார்.

"அது அந்த மாதிரி வியாதியாச்சே அண்ணே... வீட்ல தெரியுமா?"

"எனக்கு வந்தது உதட்டுலய்யா!"

"உதட்டுக்கு எப்படி வந்துச்சுன்னுதான்..."

வீட்டில் நன்றாகவே தெரியும். அவர் மனைவிக்கும் சின்ன வயதிலிருந்தே உதட்டில் அது வருகிறது. ஊதுகிற வேலை இல்லாததால் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை, அவ்வளவுதான்.

சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். அதை வாங்க டாக்டரிடம் போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே?"

"ஒண்ணும் இல்லாதப்பவே போடணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக இல்லாத புண்ணுக்கு நான் எப்படி எழுதுறது? புண் வரட்டும், வாங்க, பார்க்கலாம்."

லேட்டாக வந்தால் ஏன் வந்தாய், சீக்கிரம் வந்தால் எதற்கு வந்தாய். மனுஷன் எப்போதுதான் வருவது? டிரம்பெட்காரர் எழுந்து வெளியே போனார். ரிசப்ஷனில், "அமைதி காக்கவும்" என்ற அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார்.

ஊதினார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஊதுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து. காய்ச்சல்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு ஓடி வந்தார்.

"என்னய்யா பண்றே?"

"புண் வரட்டும்னு சொன்னீங்களே சார். வர்ற வரைக்கும் வாசிக்கிறேன்."

சீட்டு வந்தது. இவர் அதைப் படித்துவிட்டு, "அடுத்த தடவைக்கும் சேர்த்து எழுதுங்க. சுருசுருத்ததும் வீட்லயே போட்டுக்கிறேன்" என்றார்.

"அடுத்த தடவை வரும்போது..."

டிரம்பெட் மறுபடி உதட்டுக்குப் போனது. டாக்டர் அவசரமாகப் பேனாவைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை உதட்டோரம் கடுகளவு சிவப்பு, அவ்வளவுதான். முன்வரிசையில் நின்று ஊதினார். மருமகன் பின்வரிசையில் ஜால்ரா தட்டினான். நன்றாக வாசித்தீர்கள் என்று யாரோ பாராட்டியதற்கு, "டாக்டர் கிட்ட ஒத்திகை பார்த்தேன்" என்று எரிந்து விழுந்தாராம்.