சிவப்பு அம்பு

பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் பார்க்கிற தெய்வாத்தாளுக்குக் கண்ணில் குறை மட்டும்தான் படும். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எதுவானாலும் முனை அந்த இடத்தைப் பார்க்கிற மாதிரி சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. சாயங்காலம் கண்ணைக் கழற்றிக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வரவா முடியும்? மகள் கிருத்திகாவைப் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையிடம் காலர் கோணல் என்றாள். இரண்டாவது மாப்பிள்ளையின் அப்பாவிடம் வேட்டிக் கரையில் சாயம் போயிருக்கிறது என்றாள். இரண்டு வரனும் காபியோடு போயிற்று. கிருத்திகாவுக்கு இருபத்தெட்டும் ஆகிவிட்டது.

மூன்றாவது வரன் பிரதீப். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிடுவதெல்லாம் பழைய காலமாம்; அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற மெக்சிகன் கடையில் 'கேஷுவலாக'ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் காம்போ. பெருந்தன்மைக்கு என்ன குறை!

கிளம்பும்போது கிருத்திகா கையை நீட்டினாள். "அந்த ஸ்டிக்கரக் குடும்மா. போட்டோவுல பாத்ததுலயே இந்த மாப்பிள்ளைய எனக்குப் புடிச்சிருக்குது. இன்னிக்கு நீ வாயத் தொறந்து ஒரு குத்தம் சொன்னீன்னா, அப்புறம் கல்யாணப் பேச்சே எங்கிட்ட எடுக்காத."

தெய்வாத்தாள் பர்ஸில் மடித்து வைத்திருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்துக் கொடுத்தாள். மகள் அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கடைச் சுவரெல்லாம் கள்ளிச்செடிப் படம். ஊரில், குண்டடம் பக்கம், ஆடுகூடச் சீந்தாத செடிக்கு இங்கே தனி விளக்கு. பள்ளிபாளையம் சிக்கன் டாக்கோ வந்தது. மடித்த அப்பளம் மாதிரி ஒன்று. கடித்ததும் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் தட்டில் கொட்டியது. ஓரம் மடித்துத் தைத்திருந்தால் நிற்குமே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள். சல்சா என்ற பெயரில் வதக்காத தக்காளிச் சட்னி. அதையும் விழுங்கினாள். பிரதீப்பின் சட்டையில் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே நூல் வேறு தொங்கியது. அந்தப் பக்கமே திரும்பாமல் கள்ளிச்செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம். பெற்ற மகளுக்காக ஒருத்தி இதைவிட என்னதான் செய்வாள்?

"ஏனுங்க, இத்தன அமைதியா இருக்கறீங்களே," என்று கூட வந்திருந்த பிரதீப்பின் அம்மா மெச்சினாள். கிருத்திகாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிரதீப் கையைத் துடைத்துக்கொண்டார். கிருத்திகாவை மேலும் கீழும் நிதானமாக ஒருமுறை பார்த்தார்.

"போட்டோவுல இருந்ததவிட நேர்ல கலர் கொஞ்சம் கம்மிதானுங்க. பரவால்லீங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

வாயைத் திறக்கப் போன தெய்வாத்தாள், மகள் போட்ட நிபந்தனையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கிருத்திகா கைப்பையைத் திறந்தாள். தாளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, மேசைக்கு மேலே எட்டி, பிரதீப்பின் சட்டைப்பையில் அழுத்தி ஒட்டினாள்.

கடையே திரும்பிப் பார்த்தது. அதற்குமேல் தெய்வாத்தாளால் அடக்க முடியவில்லை.

"அம்பு முனை மூஞ்சியப் பாத்து இருக்கோணும் கண்ணு," என்றாள். "திருப்பி ஒட்டு."