காகிதப் பாதம்

செருப்புக்கடையில் எந்த ஷூவை எடுத்தாலும், முதலில் காகிதம்தான் உள்ளே போகும். தையற்கார அக்கா அதைக் கைப்பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, ஷூவுக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பார். "இதுல நானும் என் நாத்தனாரும் சேர்ந்து குடித்தனம் பண்ணலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தக் காகிதம் அவருடைய பாதம். பழுப்புத் தாள்மேல் நின்று, சுற்றிப் பென்சிலால் வரைந்து கத்தரித்தது.

எங்கள் தெருமுனைத் தையற்கார அக்கா நல்ல வாட்டசாட்டமான ஆள். பாதம் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல ஒல்லி. கடையில் கிடைக்கும் எந்த ஷூவிலும் குதிகால் நழுவும். பஞ்சு திணிப்பார், இரண்டு காலுறை போடுவார், கடைசியில் பிடிப்பாக இருக்கட்டும் என்று ஒரு அளவு சின்னதாக வாங்குவார். அவர் பெருவிரல் நகம் கறுக்காத வருடமே எனக்கு நினைவில்லை.

தொழிலில் மகா கறார். சட்டை தைத்து முடித்தாலும் உடனே தரமாட்டார். போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், குனிய வேண்டும், கையைத் தூக்க வேண்டும். திருப்தியானால்தான் காலருக்கு உள்பக்கம் சாக்கட்டியால் ஒரு டிக் போடுவார். நான் ஒருமுறை அவசரமென்று குனியாமல் கிளம்பப் பார்த்து, சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஷூ வேட்டைக்குக் காரணம் அவருடைய அக்கா. மேட்டுப் பாதையின் உச்சியில் வீடு. பேருந்து அடிவாரத்தில் இறக்கிவிட்டால் ஆறு கிலோமீட்டர் நடைதான். அந்த அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, இனி கீழே வரமுடியாது. போன வருடம் இவர் கிளம்பிப்போய், பாதி வழியில் குதிகாலில் கொப்புளம் உடைந்து, அழுதுகொண்டே திரும்பிவிட்டார். "அவ பொழுது சாயற வரைக்கும் வாசல்லயே நின்னிருக்கா." இதைச் சொல்லும்போது மட்டும் தையல் மிஷின் நின்றுவிடும்.

சென்ற வாரம் என் கால்சட்டையைக் கொண்டுபோனேன். இடுப்பு தொளதொளவென்றிருக்கிறது, அடுத்த தடவை ஒரு அளவு சின்னதாக எடுத்துவிடலாமா என்று யோசனை கேட்டேன். பிடித்துக்கொண்டார்.

"சின்னதா எடுத்தா பேன்ட் கணுக்காலுக்கு மேல ஏறிக்கும். நீளம் வேற, அகலம் வேற. லூசு எங்க இருக்கோ, அங்கதான் பிடிக்கணும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தினார். பார்வை மெல்ல இறங்கித் தன் பாதத்தில் நிலைத்தது.

"முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சொல்றேன். என் காலுக்குச் சொல்லல பாரு."

அப்போதே கடையைப் பூட்டினார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். செருப்புக்கடைப் பெண் அவரைக் கண்டதுமே சிரித்துவிட்டாள். இந்த முறை நீளத்தில் ஒரு அளவு பெரிதாக, அகலம் குறைந்ததாகக் கேட்டார். அவள் தேடித் தேடி, உள்ளறையிலிருந்து ஒரே ஒரு ஜோடி கொண்டுவந்தாள். குதிகால் அப்போதும் கொஞ்சம் நழுவியது. அவள் மண்டியிட்டு, கணுக்காலுக்குப் பக்கத்தில் யாருமே பயன்படுத்தாத கடைசித் துளையில் கயிற்றைக் கோத்து இழுத்தாள். தையற்கார அக்கா எழுந்து நின்றார், கால்விரல்களை அசைத்தார்.

"இதான் ஷூவுக்கு இடுப்பு" என்றார்.

பிறகு சோதனை. உட்கார்ந்தார், குனிந்தார், அந்தக் கடையின் மாடிப்படியை ஆறு தடவை ஏறி இறங்கினார். கூடவே ஏறிய எனக்கு மூன்றாவது தடவையே மூச்சு வாங்கியது. காலுறையைக் கழற்றிப் பார்த்தால் குதிகாலில் சிவப்பே இல்லை.

பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். இடது ஷூவின் நாக்கை விலக்கி, உள்பக்கம் ஒரு டிக் போட்டார். வலதையும் எடுத்தார், கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு?" என்றேன்.

"அக்கா வீட்டு வாசல்ல போய்ப் போடறேன்."

சாக்கட்டியை அந்தக் காகிதப் பாதத்திலேயே சுற்றி, பையின் அடியில் பத்திரமாக வைத்தார்.