டார்ச்சை நம்பிய கடைக்காரரும் என் நங்கையாவும்

டார்ச் வெளிச்சம் லென்சுக்குள் பாய்ந்ததும், கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டடை போல மூன்று இழைகள் தெரிந்தன. "பங்கஸ் புடிச்சிருக்குதுங்க தம்பி" என்று சொல்லி டார்ச்சை அணைத்தார் பாய். கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில், பழைய காமிராக்களை வாங்கி விற்கும் கடை அவருடையது, புதுசும் கிடைக்கும். லென்சுக்குள் பூஞ்சை வந்தால் பாதி விலை போச்சு. ஆடி மாதம் வேறு. முகூர்த்தம் இல்லாததால் படம் எடுப்பவர்கள் எல்லோரும் விற்கத்தான் வருவார்கள், வாங்க ஒருவரும் வரமாட்டார்கள்.

கருமத்தம்பட்டியில் அண்ணனுக்குத் தறிக்கூடம். நான் கல்யாணப் படம் எடுக்கிறேன் என்று நான்கு வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆவணியில் பெரிய தோட்டத்துக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று அமைந்தது. ஆனால் புதுக் காமிரா இருந்தால்தான் வரவேண்டும் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். பழைய காமிராவும் லென்சும் நல்ல விலைக்குப் போனால்தான் புதுசு. "இல்லீன்னா படம் புடிக்கறத மூட்ட கட்டிப்போட்டு தறிக்கு வந்துரு" என்று அண்ணன் தீர்த்துச் சொல்லியிருந்தார். தறி ஓட்டுவது கேவலமில்லை. எனக்கு அது வராது, அவ்வளவுதான்.

"என்ன எதிர்பாக்கறீங்க தம்பி?" என்று கேட்டார் பாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்ணா." வாய்விட்டு விலை கேட்டால் மரியாதை கெட்டுப்போகும் என்று நினைப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பிறவி வியாதி. அவரும் பார்த்துத்தான் போட்டார். அந்தத் தொகைக்குப் புதுக் காமிராவை வைக்கிற பை வேண்டுமானால் வாங்கலாம்!

ஆடித் தள்ளுபடியில் சேலை எடுக்க என்னோடு வந்திருந்த நங்கையா அதுவரை சும்மாதான் நின்றிருந்தார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். பிறந்தது அந்தியூர், அவருடைய அப்பா ஆடிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். காமிராவில் எது முன்பக்கம் என்றுகூட நங்கையாவுக்குத் தெரியாது. ஆனால் என் முகம் போன போக்கு தெரிந்திருக்கிறது.

"ஏனுங்க, அந்த நூலு படத்துல தெரியுமுங்களா?"

"எதிர்வெயில்ல எடுத்தா வெள்ளையா அடிக்குமுங்க அம்மணி."

"அடிக்குமுங்களா, அடிச்சுதுங்களா? எங்கூர்ச் சந்தையில சுழி சரியில்லாத மாடுன்னாலும் வண்டியில பூட்டி ஓட்டிப் பாத்துட்டுத்தான் வெல பேசுவாங்க. நீங்க ஓட்டியே பாக்கலீங்களே?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, மொதல்ல வேற கொறை இருந்தா எல்லாத்தையும் சொல்லிப்போடு."

பழிகாரி, கவிழ்க்கிறாளே என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். ஒருமுறை மண்டபத்தில் கீழே விழுந்தது, ஜூம் வளையம் கொஞ்சம் இறுக்கம். பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். விற்க வந்தவன் குறை சொல்லி அவர் கேட்டிருக்கமாட்டார்.

நங்கையா அவரையே வாசலில் நிறுத்தினார். முதுகுக்குப் பின்னால் பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. பாய் கூச்சத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பூஞ்சை லென்சிலேயே அவரை எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், அடேயப்பா! வெள்ளைத் தாடியின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. எங்கும் வெள்ளை அடிக்கவில்லை. பாய் தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "டார்ச்ச நம்பிப்போட்டு படத்தப் பாக்காம உட்டனுங்க அம்மணி. தப்பு எம்மேலதான்."

முதலில் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போட்டார். "இந்தப் படத்தக் காட்டியே லென்ச வித்துப்போடுவீங்க. அதுக்கும் சேத்துப் போடுங்க" என்றார் நங்கையா. போட்டார்! கையில் சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு அந்தக் கடையிலேயே புதுக் காமிராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நடுத்தெருவில் ஆடாததுதான் பாக்கி.

இன்று அவிநாசி சாலையில் எனக்கும் பழைய காமிராக் கடை இருக்கிறது. எந்தக் காமிரா எத்தனை படம் எடுத்தது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. இருந்தாலும் நாலு படம் எடுத்துப் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை. "நீங்களே பாத்துப் போடுங்ணா" என்று எவனாவது வந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். டீ வாங்கிக் கொடுத்து, யோசித்து ஒரு விலையோடு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அன்று சாயங்காலம் நாங்கள் வீடு சேர்ந்தபோது அண்ணன் தறிக்கூடத்து வாசலில் நின்றிருந்தார். "என்றா, நாளைக்குத் தறிக்கு வாரியா?" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். நான் வாயெடுப்பதற்குள் நங்கையா முந்திக்கொண்டார்.

"தம்பி வராதுங்க மாமா. தறிக்கு வேற ஆள் பாருங்க."