நின்றதா என்று கேட்டால் சிவப்பு

"மலையில நெட் எப்படி?" என்று யாராவது கேட்டால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கறையாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் வருகிறது.

நான் டீபக்கருக்கு டெஸ்ட் எழுதுகிறவள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் பிடித்து நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் மென்பொருள்தான் டீபக்கர். மற்ற புரோகிராம்களின் தப்பைக் காட்டிக்கொடுப்பது அதன் பிழைப்பு. அதற்குள்ளேயே தப்பு இருந்தால்? அதற்காகத்தான் டெஸ்ட். யாராவது டீபக்கரின் கோடில், அதாவது அதன் நிரல் வரிகளில், கை வைத்தால் எல்லா டெஸ்டும் தானாக ஓடும். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு சென்னை ஆபீசிலிருந்து மலைக்கு வந்துவிட்டேன். அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறார், வீடு தங்குவதில்லை. அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். அண்ணி ஒருத்தி, நான் ஒருத்தி. அவ்வளவுதான் ஆள். வீட்டிலிருந்து வேலை செய்ய எங்கள் டீம் லீடர் சம்மதித்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

டீபக்கர் டெஸ்டை எப்படி எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. அவர் வழி சுலபம். டீபக்கரை ஓட்டு, திரையில் வருவதை அப்படியே பதிந்து வை, நாளைக்கு அதே எழுத்து வருகிறதா என்று ஒப்பிடு. மாறிவந்தால்? ஒரு பட்டனைத் தட்டினால் புதிதாக வந்தது சரியான பதிலாகப் பதிந்துவிடும். மாணவன் தப்பாக எழுதினால் விடைக்குறிப்பைத் திருத்துகிற வாத்தியார் வேலை. நான் டீபக்கரிடமே நேராகக் கேள்வி கேட்கும்படி எழுதினேன். நின்றாயா? எந்த வரியில்? அங்கே இந்த எண்ணின் மதிப்பு என்ன? எழுத நேரம் பிடிக்கும். ஆனால் ஏமாற்ற முடியாது.

நின்றாயா என்பதை முதல் கேள்வியாக வைத்ததற்கு எங்கள் ஊர் பழக்கமும் காரணமாக இருக்கலாம். ஒடுகத்தூரிலிருந்து வரும் பஸ்ஸைப் பற்றி இங்கே யாரும் "வந்துச்சா" என்று கேட்பதில்லை. "நின்னுச்சா" என்றுதான் கேட்பார்கள். வருவது வரும். நிற்காமல் போய்விட்டால் வந்து என்ன பிரயோஜனம்?

என் டெஸ்டுகளில் ஒரு கொத்து சிவப்பாயிற்று. புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு உள்ளே ஏற்றப்படும் பகுதியில் நிற்கச் சொன்னால், டீபக்கர் நிற்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, நிற்காமல் கடைசி வரை ஓட விட்டது. தெளிவான தப்பு. எழுதி அனுப்பினேன்.

"அங்க உங்களுக்கு நெட் சரியில்லம்மா, அதான்" என்றார் டீம் லீடர்.

டீபக்கரும் அது நிறுத்த வேண்டிய புரோகிராமும் என் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேச நெட் எதற்கு? இது அவருக்குத் தெரியாததல்ல. எனக்கு வந்த ஆத்திரத்தில் நெட் பெட்டியின் வயரையே பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினேன்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த அண்ணி பார்த்துவிட்டாள். "இன்னாத்துக்கு அத்த புடுங்குற?"

"நெட்டு இல்லன்னாலும் அதே தப்பு வருதான்னு பாக்குறேன் அண்ணி."

"வருதா?"

"அப்படியேதான் வருது."

"அப்ப அத்த ஏன் முறைக்கிற? சொருகு. உங்கண்ணன் போன் பண்ணும்."

வயரைச் சொருகி, வயர் இல்லாமலும் அதே சிவப்புதான் என்று டீம் லீடருக்குச் சொன்னேன். அவருடைய டெஸ்டுகள் எல்லாம் பச்சையாக இருப்பதைக் காட்டினார். திறந்து பார்த்தேன். அங்கேயும் டீபக்கர் நிற்கவில்லை. நிற்காமல் ஓடியதையே யாரோ பட்டனைத் தட்டிச் சரியான பதிலாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அதையும் சொன்னேன்.

"பாக்குறேன். இந்தச் சிவப்பு இப்படியே இருந்தா மேல எனக்குத்தான் கேள்வி. திங்கக்கிழமைல இருந்து ஆபீசுக்கே வந்துடுங்க, நேர்ல உக்காந்து சரி பண்ணலாம்."

தப்பு அவர்களுடையது, பெட்டி கட்ட வேண்டியது நான். அண்ணியிடம் சொன்னபோது அவள் அப்பா படுத்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். "நான் ஒருத்தி இன்னா பண்ணுவேன்" என்றாள், அதுவும் என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

வெள்ளிக்கிழமை டீம் லீடரே போன் செய்தார். குரலில் தேன். "எல்லாம் பச்சையாயிடுச்சும்மா. நீங்க வரவேணாம். அங்கேயே இருந்து அப்பாவப் பாத்துக்கங்க."

அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை. தப்பை எப்படிச் சரி செய்தார்கள் என்று கற்றுக்கொள்ளலாமே என்ற ஆசையில் வந்து கோடைத் திறந்தேன்.

டீபக்கரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. என் டெஸ்டுகளில்தான் கை வைத்திருந்தார்கள். நின்றாயா என்று கேட்ட வரியையும், அதற்குப் பிறகு நான் கேட்டிருந்த கேள்விகளையும் அழித்திருந்தார்கள். டீபக்கரைத் தொடங்கு, முடி, பச்சை. கேள்வியே கேட்காவிட்டால் யார்தான் தோற்பார்கள்?

எங்கோ ஒருத்தன் இந்த டீபக்கரை நம்பி உட்கார்ந்திருப்பான். நிற்கச் சொன்ன இடத்தில் அது நிற்காது. அந்த இடத்துக்குப் புரோகிராம் வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, தப்பை வேறெங்கோ தேடி, கடைசியில் தன் மூளையைத்தான் சந்தேகப்படுவான். அதற்கு விலையாக எனக்கு என் வீட்டிலேயே இருக்க அனுமதி. நான் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள், அதுதான் தாங்கவில்லை.

அழித்த வரிகளைத் திரும்ப எழுதி அனுப்பினேன். வரிசையாகச் சிவப்பு விழுந்தது. போனை எடுத்தேன்.

"சார், நீங்க எடுத்த கேள்விய திரும்ப வெச்சிட்டேன். இன்னும் நிக்கல. திங்கக்கிழம நான் வரணுமா வேணாமா, இப்ப சொல்லுங்க."