ஏழாம் குழியின் நான்காவது மரம்

யுத்த காலத்தில் வெள்ளவத்தை வீட்டை விட்டு நான் சும்மா வெளிக்கிட்டதில்லை. வாசலில் மனைவி நிற்பாள்.

"ஐசி இருக்கோ? பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கோ?"

அடையாள அட்டை, துண்டு இரண்டையும் எடுத்துக் காட்டினால்தான் சப்பாத்து போடலாம். அன்றும் காட்டினேன். சட்டைப் பையிலிருந்த சின்னக் கொப்பியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நான் கட்டட நிறுவனமொன்றில் படவரைஞன். என் மேலாளர் சிங்களவர், நல்ல மனிதர். பெரிய இடத்து ஆட்கள் விளையாடும் கொல்ஃப் மைதானமொன்றின் கமிட்டியில் இருந்தார். அதைத் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். ஒரு பிற்பகல் அவரோடு விளையாடி, ஒவ்வொரு குழியின் அமைப்பும் எப்படியென்று நான் எழுதித் தர வேண்டும். மட்டை பிடிக்கப் பழக்கியதும் அவர்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

முதல் ஆறு குழிகளும் வெறும் புல்வெளி. காசைக் கொட்டியிருக்கிறார்கள், மூளையைச் செலவழிக்கவில்லை என்று எழுதினேன். ஏழாவது வேறு. அடிக்கும் இடத்திலிருந்து கொடி தெரியாது. நடுவில் ஒரு மேடு, வலப்பக்கம் மதிலோரமாக மரங்கள். பயந்தவன் இடப்பக்கமாகச் சுற்றிப் போகலாம். துணிந்தவன் மரங்களை ஒட்டி அடித்தால் ஒரு மட்டையடி மிச்சம். வடிவமைத்தவன் கெட்டிக்காரன்தான்.

துணிந்து அடித்தேன். பந்து மரங்களுக்குள் போய்விட்டது. நாங்கள் மேட்டைத் தாண்டி வந்து நின்ற பிறகு, அது மெதுவாக உருண்டு வெளியே வந்து புல்லில் நின்றது.

"மரத்தில் பட்டிருக்கும்," என்றார் மேலாளர்.

எப்போதோ பட்ட பந்து இப்போதா உருளும்? எனக்குப் பிடரி கூசியது. ஆனாலும் வீம்பு விடவில்லை. மரங்களின் ஓரத்திலிருந்து மேடு வரை காலடியால் அளந்தேன். நான் நடக்கும்போது மரங்களுக்குள் சருகு சரசரத்தது, நின்றால் அதுவும் நின்றது. என் காலடியிலோ சருகே இல்லை. மேடு, மதில், மூன்று மரங்கள், நாற்பத்திரண்டு காலடி என்று கொப்பியில் வரைந்துகொண்டு விலகி வந்தேன்.

மாலையில் மேலாளர் கிளப்பிலேயே தங்கிவிட்டார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். மதில் முடியும் மூலையில் சோதனைச் சாவடி. ஓர் இளம் சிப்பாய் ஐசியை வாங்கி, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையைத் தட்டி, கொப்பியை எடுத்து விரித்தான்.

அப்போதுதான் நான் செய்த மடைத்தனம் உறைத்தது. யாழ்ப்பாணத்தானின் பையில் கையால் வரைந்த வரைபடம், மதிலோடும் தூரத்தோடும். இதைவிடச் சின்னத் தாளுக்காகப் பிடிபட்டுத் திரும்பாதவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. வாசலில் காத்து நிற்பவளை நினைத்தேன்.

அவன் படத்தில் விரலை வைத்துச் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்.

"மேட்டுக்கு எத்தனை காலடி?"

"நாற்பத்திரண்டு."

"நீங்கள் நடக்க நானும் கால் மாற்றி மாற்றி அவ்வளவுதான் எண்ணினேன்."

என் பேனையை எடுத்து மதிலோரத்தில் ஒரு புள்ளி வைத்தான். "மரம் மூன்றில்லை, அய்யே. நாலு. நாலாவதுக்குப் பின்னால்தான் நான் காவல் நின்றேன். நான் உருட்டிவிட்ட பந்து கிடைத்ததுதானே? போங்கள்." கொப்பியையும் பேனையையும் என் பையிலேயே செருகினான்.

அவன் ஒளிந்திருந்து பார்த்திராவிட்டால் நான் வீடு வந்திருக்க மாட்டேன். அதை நினைக்கையில் நன்றிக்கு முன்னால் குளிர்தான் வந்தது. அன்றே அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காலை மனைவி வழக்கம்போல ஐசியைக் கேட்டாள், துண்டைக் கேட்டாள். காட்டினேன். பிறகு நானாகவே சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.