மாலுமி இல்லாமல் கரை சேர்ந்த கப்பல்

என் அத்தை வாரத்தில் ஆறு நாள் தையல்கடையில் சட்டைக்குப் பித்தான் தைப்பாள். ஏழாம் நாள் சபையின் ஞாயிறு பள்ளியில் கப்பல் ஓட்டுவாள். பிள்ளைகளுக்கு அவள் 'கப்பல் டீச்சர்'.

கதை அவளே கட்டியது. பேசும் மீன், உப்பு மலை, பொய் சொன்னால் கனக்கும் மூட்டை எல்லாம் தாண்டி ஒளித்தீவுக்குப் போகும் கப்பல். அதன் மாலுமிக்கு உள்ளங்கையில் தழும்பு. யார் கடலில் விழுந்தாலும் கப்பலைத் திருப்பிவிடுவார்.

"அது யேசப்பாதானே டீச்சர்?"

"அவசரக்குடுக்கைகளா, கரை வரட்டும்!"

சபைச் செயலருக்கு அந்தக் கதை உயிர். ஆண்டுவிழா நாடகத்தில் மாலுமி வேஷம் அவருக்குத்தான். "ஒருத்தனையும் விடமாட்டேன்!" என்று அவர் முழங்கியதில் மேடைப் பலகை ஆடியது.

என் சித்தப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். சபை அவரை எப்போதோ நீக்கிவிட்டது. சபைக் கல்லறையில் தன் அம்மா பக்கத்தில் குழி வேண்டும் என்பது மட்டும் அவருடைய கடைசி ஆசை. அத்தை செயலர் வீட்டுக்கு நடந்தாள். பட்டம் வாங்கிய தைரியத்தில் நானும் போனேன்.

"தம்பிய அம்மா பக்கத்துல வைக்கணும் ஐயா."

"நல்லவங்க படுத்திருக்கிற இடம்மா அது."

"நல்லவங்கன்னு கல்லுல எழுதினது யாரு?" என்றேன்.

"நாலெழுத்து படிச்ச திமிரு," என்றார் அத்தையிடம்.

அத்தை கோபப்படவில்லை. "நாடகத்துல நீங்கதானே ஐயா கப்பலத் திருப்புனீங்க?"

"கதையக் கல்லறைக்கு இழுக்காதீங்க டீச்சர். இவனுக்குத் திறந்தா, நாளைக்கு ஊர்ல உள்ள குடிகாரன் எல்லாம் வந்து நிப்பான்."

பொதுமயானத்தில், குப்பைமேட்டை ஒட்டிப் புதைத்தோம். போதகர் எட்டிப் பார்க்கவில்லை. அத்தையே ஜெபித்தாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பின் கடைசி பெஞ்சில் செயலர் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் நடக்காததுபோல, "இன்னைக்காவது கரை சேர்த்துடுங்க டீச்சர்," என்று சிரித்தார்.

"சேர்ந்துடுச்சு," என்றாள் அத்தை. "எல்லாரும் நல்லவங்க. வெள்ளை உடுப்பு, மடிப்புக் கலையாம இறங்கினாங்க."

"மாலுமி?" என்றது முன்வரிசை வாண்டு.

"வழியில ஒருத்தன் விழுந்துட்டான். கப்பலத் திருப்ப இவங்க விடல. மாலுமி குதிச்சிட்டாரு."

"அப்போ தீவுல யாரு இருக்காங்க?"

அத்தை கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "இவங்க மட்டுந்தான்."

மறுவாரம் அந்த வகுப்புக்கு வேறு டீச்சர் வந்தாள். அத்தைக்கு இப்போது ஏழு நாளும் பித்தான்தான்.